கருவிவழிப் புறப்பாட்டு நெறியின் தோற்றமும் வளர்ச்சியும்

நிலத்திற் செல்வோனுக்கு வழி கண்ணெதிரே கிடக்கின்றது. கடலிற் செல்வோனுக்கு அத்தகைய வழி இல்லையாயினும், ஐயம் நேர்ந்தவிடத்து வேகத்தைத் தணிக்கலாம். ஆழங் குறைந்தவிடத்து நங்கூரம் பாய்ச்சி விடியும்வரை காத்திருக்கலாம். வானிற் செல்வோனுக்கோ வழியும் இல்லை, நிற்றலும் இல்லை. ஓடுபாதையை விட்டு மேலெழுந்த ஆகாயவிமானம் முன்னே சென்றுகொண்டேயிருத்தல் வேண்டும். எழுந்த அரை நிமிடத்துள் அது முகிலுட் புகுமாயின், விமானியின் கண் பயனற்றதாகின்றது. முன்னே மலை உளதோ, அருகே வேறொரு விமானம் உளதோ, தாம் செல்வது நேரோ வளைவோ என்பவற்றுள் ஒன்றையேனும் அவர் கண்ணால் அறியார்.

எனினும், உலகின் விமான நிலையங்களிலிருந்து நாள்தோறும் எண்ணிறந்த விமானங்கள் முகிலினூடும் இருளினூடும் புறப்பட்டுச் செல்கின்றன. எவ்வுயரம்வரை நேரே ஏறல் வேண்டும், எப்பாகைக்குத் திரும்பல் வேண்டும், எவ்விடத்தை எவ்வுயரத்திற் கடத்தல் வேண்டும் என்றெல்லாம் முன்னரே கணித்து வெளியிடப்பட்ட சில வரிகளே அவற்றுக்கு வழியாகின்றன. இவ்வரிகளையே கருவிவழிப் புறப்பாட்டு நெறி என்பர்.

இந்நெறி ஒரு நாளில் ஒருவரால் வகுக்கப்பட்டதன்று. மனிதனுடைய புலன்கள் முகிலினுள்ளே பொய்க்கும் என்பதை ஒரு தலைமுறை அறிந்தது. அப்புலன்களுக்கு ஈடாகக் கருவியை அடுத்த தலைமுறை அமைத்தது. கருவியைக் கொண்டு செல்லவேண்டிய வழியை அதற்கடுத்தது எழுதிவைத்தது. எழுதிவைத்த வழியும், அதனைப் பொருளுணர்ந்து படித்தவரையன்றிப் பிறரைக் காவாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி பெருவிலை கொடுத்துக் கற்றது. இவ்வரலாற்றினை முறையே நோக்குதல் பயனுடைத்தாகும்.

ரைட் சகோதரர் 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி கிற்றி ஹோக் மணற்பரப்பில் முதன்முதற் பறந்தபோது, வழி பற்றிய வினாவே எழவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளிலும் விமானி கண்ணையே நம்பினார். ஆறு, தெரு, கோயிற் கோபுரம், இருப்புப்பாதை என்பனவே அவருக்கு வழிகாட்டிகள். இம்முறையின் குறைபாட்டினை ஐக்கிய அமெரிக்காவின் விமானத் தபாற் சேவை அதன் முதல் நாளிலேயே வெளிப்படுத்தியது. 1918ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, சனாதிபதி வில்சன் முன்னிலையில் வாஷிங்டன் நகரிலிருந்து தபாற் பைகளுடன் ஒரு விமானம் புறப்பட்டது. அது செல்லவேண்டிய இடம் வடகிழக்கேயுள்ள பிலடெல்பியா. விமானியோ பிழையானதோர் இருப்புப்பாதையைப் பின்பற்றித் தென்கிழக்கே சென்று, மேரிலாந்து மாநிலத்து வயலொன்றில் இறங்கி விமானத்தையும் கவிழ்த்தார். அன்று வானம் தெளிவாகவே இருந்தது. புறப்பட்டவுடன் எத்திசையிற் செல்வது என்னும் எளிய வினாவுக்கே விடையில்லாத காலம் அது. பின்வந்த ஆண்டுகளில், மழையிலும் மூடுபனியிலும் தபால் சுமந்த விமானிகள் பலர் மலைகளில் மோதி மாண்டனர்.

இம்மரணங்களுக்குத் துணிவின்மையோ திறமையின்மையோ காரணமன்று. காரணம் உட்செவியில் இருந்தது. மனிதனுடைய உட்செவியிலே ஒன்றற்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள. அவற்றிலுள்ள பாய்பொருள், தலை சுழலத் தொடங்கும்போது பின்தங்கி நின்று, சுழற்சியை மூளைக்கு உணர்த்துகின்றது. ஆயின் சுழற்சி ஒரே வேகத்திற் சிறிது நேரம் தொடருமாயின், பாய்பொருளும் உடன் சுழன்று, உணர்ச்சி மறைந்துவிடுகின்றது. பின்னர்ச் சுழற்சி நிற்கும்போது, எதிர்ப்புறமாகச் சுழல்வது போன்ற பொய்யுணர்ச்சி தோன்றுகின்றது. கண் திறந்திருக்கும்வரை அடிவானத்தைப் பார்த்து மூளை இப்பிழையைத் திருத்திக்கொள்ளும். முகிலினுள்ளே திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

புறப்பாட்டு வேளைக்கே உரிய வேறொரு மயக்கமும் உண்டு. விமானம் விரைந்து வேகங்கொள்ளும்போது உடல் இருக்கையிற் பின்னோக்கி அழுத்தப்படுகின்றது. உட்செவியிலுள்ள புவியீர்ப்பை உணரும் பகுதி, இவ்வழுத்தத்தையும் விமானத்தின் மூக்கு மேலே உயர்வதையும் பிரித்தறியாது. ஆதலால், இருண்ட கடலை நோக்கி எழும் விமானி, தம் விமானம் அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்துவிட்டதென மயங்கி, மூக்கைத் தாழ்த்த முற்படுவார். தாழ்த்தினால், ஏறவேண்டிய விமானம் நீரை நோக்கி இறங்கும்.

உட்செவி பற்றிய இவ்வாராய்ச்சிக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் ரொபேட் பாரனி என்னும் வைத்தியர். வியன்னாவிற் பணிபுரிந்த அவருக்கு 1914ஆம் ஆண்டு நோபெற் பரிசு வழங்கப்பட்டது. அவர் பெயரால் வழங்கும் சுழல் நாற்காலியே விமான வரலாற்றில் ஒரு திருப்பத்துக்குக் காரணமாயிற்று. 1926ஆம் ஆண்டு, சன் பிரான்சிஸ்கோ நகரத்துக் கிறிசி விமானத் தளத்தில், வில்லியம் ஒக்கர் என்னும் இராணுவ விமானியை டேவிட் மையர்ஸ் என்னும் வைத்தியர் அந்நாற்காலியில் இருத்திக் கண்ணைக் கட்டிச் சுழற்றினார். எப்புறம் சுழல்கின்றீர் என வினவியபோது, நெடுங்காலம் பறந்து பழகிய ஒக்கர் பிழையாகவே விடையிறுத்தார். நாணமும் வியப்புங் கொண்ட அவர், விமானத்தின் திரும்பலைக் காட்டும் சிறு கருவியொன்றையும் ஒரு விளக்கையும் பெட்டியொன்றினுள்ளே பொருத்தி, அதனுள்ளே நோக்கியவாறு மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். இம்முறை கருவி கூறியதையே கூறினார். ஒவ்வொரு விடையும் சரியாயிற்று. பிழை விமானியிடம் இல்லை, மனித உடம்பிலேயே உளது என்பது அன்று நிறுவப்பட்டது. 1930ஆம் ஆண்டு ஒக்கர் மூடப்பட்ட அறையிலிருந்து கருவிகளையே நோக்கியவாறு, டெக்சாசிலிருந்து இலினோய் மாநிலம்வரை ஏறத்தாழ 900 மைல் தூரம் விமானத்தைச் செலுத்தினார். கார்ல் கிறேன் என்பாருடன் கூடி அவர் எழுதிய நூல் 1932ஆம் ஆண்டு வெளிவந்து, கருவிவழிப் பறப்புக்குப் பாடநூலாயிற்று.

இதற்கு வேண்டிய கருவிகளின் உயிர்நாடி ஜைரோஸ்கோப் ஆகும். சிறுவர் விடும் பம்பரம் சுழலும்வரை சாயாது நிற்பதுபோல, விரைந்து சுழலும் சில்லும் தன் அச்சின் திசையை விடாது பற்றிநிற்கும். எல்மர் ஸ்பெரி இப்பண்பினைக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் பயன்படுத்தினார். அவர் மகன் லோரன்ஸ் ஸ்பெரி 1914ஆம் ஆண்டு யூன் மாதம் பாரிஸ் நகருக்கு அண்மையில், சேன் நதியின் மேலாகப் பறந்தபோது தம் இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். துணைவர் இறக்கைமீது நடந்துசெல்ல, விமானம் தானே சமநிலை காத்தது. இச்சில்லிலிருந்தே செயற்கை அடிவானங் காட்டும் கருவியும், திசை காக்கும் கருவியும் பின்னர்ப் பிறந்தன. போல் கோல்ஸ்மன் என்பார் வளியமுக்கத்தைக் கொண்டு உயரத்தை நுட்பமாகக் காட்டும் உயரமானியை அமைத்தார்.

இவை யாவும் ஒன்றுசேர்ந்து பரீட்சிக்கப்பட்ட நாள் 1929ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆந் திகதி ஆகும். நியூயோர்க் மாநிலத்து மிச்சல் தளத்தில், குகன்ஹைம் நிதியத்தின் ஆதரவில் ஜேம்ஸ் டூலிற்றில் என்னும் இராணுவ விமானி இச்சோதனையை நிகழ்த்தினார். மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் விமானப் பொறியியற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், துணிவும் கல்வியும் ஒருங்கமைந்தவர். அவருடைய இருக்கை திரையால் முற்றாக மூடப்பட்டிருந்தது. பாதுகாப்பின் பொருட்டுப் பெஞ்சமின் கெல்சி உடன் சென்றாராயினும், அவர் கட்டுப்பாட்டுத் தடியைத் தொட்டிலர். டூலிற்றில் வெளியே எதனையும் காணாது மேலெழுந்து, வளைந்து திரும்பி, வானொலி வழிகாட்டியைப் பின்பற்றி, அதே தளத்தில் இறங்கினார். ஏறத்தாழப் பதினைந்து நிமிடமே நீடித்த இப்பறப்பு, புறப்பாடு முதல் இறக்கம் ஈறாகக் கருவிகளை மாத்திரமே கொண்டு பறத்தல் கூடும் என்பதை நிலைநாட்டியது.

ஆயினும் கருவி கூறுவது வேறு, வழி என்பது வேறு. செயற்கை அடிவானம் விமானம் எவ்வாறு இருக்கின்றது என்பதைக் கூறும். எங்கே இருக்கின்றது என்பதைக் கூறாது. இக்குறையை நிரப்ப, 1920களின் இறுதியிலிருந்து வானொலி வழிகாட்டு நிலையங்கள் நிறுவப்பட்டன. மோர்ஸ் முறையிலுள்ள ‘ஏ’ என்னும் எழுத்தின் ஒலியை ஒருபுறமும், ‘என்’ என்னும் எழுத்தின் ஒலியை மறுபுறமுமாக அவை பரப்பின. விமானி வழியின் நடுவே செல்லும்போது இரு ஒலிகளும் ஒன்றுகலந்து இடையறாத ஓரொலியாகக் கேட்கும். வழி தவறினால் ஓரெழுத்து மேலோங்கும். ஒவ்வொரு நிலையமும் நான்கு திசைகளுக்கே வழி காட்டிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், எல்லாத் திசைகளுக்கும் வழிகாட்டும் மீயுயர் மீடிறன் நிலையங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

வானொலி வழி காட்டிற்றேனும், அவ்வழியில் மலை எத்துணை உயரம் என்பதை அதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லியது ஒரு சிறு குறிப்புப் புத்தகம். எல்றி ஜெப்பெசன் என்னும் தபால் விமானி 1930ஆம் ஆண்டளவில் பத்துச் சதம் கொடுத்துக் கறுப்பு மட்டையிட்ட கொப்பியொன்றை வாங்கினார். தாம் சென்ற ஒவ்வொரு தளத்தினதும் நீளம், சரிவு, விளக்குகள், அண்மையிலுள்ள குன்று, புகைபோக்கி, நீர்த்தாங்கி ஆகியவற்றின் உயரம் என்பவற்றை அதிற் குறித்துவைத்தார். குன்றுகளில் உயரமானியுடன் தாமே ஏறி அளந்தார். வானிலை எவ்வாறுளது எனக் கேட்டறிவதற்கு உதவும் கமக்காரர்களின் தொலைபேசி இலக்கங்களையும் எழுதினார். தோழர்கள் பிரதி வேண்டினர். 1934ஆம் ஆண்டு முதல் ஒரு பிரதி பத்து டொலராக விற்கப்பட்டது. இன்று உலகெங்கும் விமானிகள் கையாளும் வழித்தாள்களின் மூதாதை அக்கொப்பியே எனலாம். ஒருவர் உயிர் பிழைத்து அறிந்தது, மற்றொருவர் உயிர் பிழைப்பதற்குரிய எழுத்தாயிற்று.

அக்காலத்தில் வேறோர் ஆபத்தும் வளர்ந்துவந்தது. முகிலினுள்ளே கருவிவழிப் பறக்கக்கூடிய விமானங்கள் பெருகவே, அவை ஒன்றோடொன்று மோதும் அபாயம் எழுந்தது. 1935ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி, விமானக் கம்பனிகள் கூடி நியூவார்க் விமான நிலையத்தில் முதலாவது வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தை நிறுவின. அடுத்த ஆண்டு யூலை மாதம் அப்பொறுப்பினை மத்திய அரசாங்கம் ஏற்றது. அக்காலக் கட்டுப்பாட்டாளரிடம் றேடார் இல்லை. விமானியுடன் நேரே பேசும் வசதியுமில்லை. கரும்பலகையும் தேசப்படமும் தொலைபேசியுமே அவருடைய சாதனங்கள். அன்றுமுதற் புறப்பாட்டு நெறிக்கு இரண்டு நோக்கங்கள் உளவாயின: நிலத்திலிருந்து காத்தல் ஒன்று, பிற விமானங்களிலிருந்து காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் வேறுவேறு என்பதை மறந்தமையே பின்னாளில் நேர்ந்த விபத்துக்கள் சிலவற்றின் வேராகும்.

நாட்டுக்கு நாடு நெறி வேறுபடுமாயின் தூரதேசப் பறப்பு இயலாது. ஆதலால் 1944ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆந் திகதி சிக்காகோவில் 52 நாடுகள் உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. அதன்படி 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் உதயமாயிற்று. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்துகொண்டது. மொன்றியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் வகுத்த அளவைகளின்படியே இன்று பெரும்பாலான நாடுகளின் புறப்பாட்டு நெறிகள் அமைகின்றன. ஐக்கிய அமெரிக்கா தனக்கென வகுத்த அளவைகளும் அவற்றோடு பெரிதும் ஒத்தனவே.

இனி, அவ்வளவைகளின் உட்பொருளை நோக்குவாம். ஓடுபாதையின் முடிவிலிருந்து முன்னோக்கிச் சாய்வாக உயரும் ஒரு தளத்தை மனத்திற் கற்பனை செய்க. அமெரிக்க முறைப்படி அத்தளம் 40 அடி தூரத்துக்கு ஓரடி, அஃதாவது ஒரு கடல் மைலுக்கு 152 அடி வீதம் உயர்கின்றது. மலையோ மரமோ கோபுரமோ அத்தளத்தைத் துளைத்து மேலே நிற்றலாகாது. விமானமோ ஒரு கடல் மைலுக்கு 200 அடிக்குக் குறையாது ஏறல் வேண்டும். எனவே விமானத்துக்கும் தடைத் தளத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒவ்வொரு கடல் மைலுக்கும் 48 அடியாக வளர்ந்துகொண்டே செல்லும். சர்வதேச முறையில் இதுவே நூற்றுக்கு 2.5 உயரும் தடைத் தளமாகவும், நூற்றுக்கு 3.3 ஏறும் விமானமாகவும் கூறப்படுகின்றது. மேலும், அமெரிக்க முறைப்படி விமானம் ஓடுபாதையின் முடிவை 35 அடிக்குக் குறையாத உயரத்திற் கடத்தல் வேண்டும். அம்முடிவின் மட்டத்துக்கு மேல் 400 அடி ஏறும்வரை எப்புறமும் திரும்புதல் ஆகாது.

தடைத் தளத்தை மலையொன்று துளைக்குமாயின், நெறி வகுப்போர் வேறு வழிகளை நாடுவர். குறிப்பிட்ட உயரம்வரை வழமையிலும் கூடிய சாய்வில் ஏறுமாறு பணிப்பர். அல்லது மலையை விலக்கிச் செல்லும் பாதையை வகுப்பர். அல்லது மலையைக் கண்ணாற் கண்டு விலகத்தக்க அளவுக்கு முகில் உயர்ந்திருந்தாலன்றிப் புறப்படலாகாது என விதிப்பர். நிலத்தினின்று காப்பதற்காகவே வகுக்கப்பட்ட இத்தகைய நெறியைத் தடை விலக்கும் நெறி என்னலாம். அமெரிக்க வழக்கில், வேறு பணிப்புக் கிடையாதவிடத்து இதனைப் பின்பற்ற விமானிக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதற்கென வகுக்கப்பட்டுப் பெயரிடப்பட்ட மற்றொரு வகையுண்டு; அது நியமப் புறப்பாட்டு நெறி. கட்டுப்பாட்டாளரின் அனுமதியின்றி இதனைப் பின்பற்றலாகாது.

இந்நெறிகளை வாசிப்பதற்கு எழுத்தறிவு மாத்திரம் போதாது. ஒரு கடல் மைலுக்கு 400 அடி ஏறுக என நெறி கூறுவதாகக் கொள்வோம். விமானத்திலுள்ள கருவியோ நிமிடத்துக்கு எத்தனை அடி என்றே காட்டும். விமானம் நிலத்தின்மீது மணிக்கு 150 கடல் மைல் வேகத்திற் செல்லுமாயின், நிமிடத்துக்கு இரண்டரைக் கடல் மைல் கடக்கும். எனவே நிமிடத்துக்கு 1,000 அடி ஏறல் வேண்டும். பின்னிருந்து 30 கடல் மைல் வேகத்திற் காற்று வீசுமாயின், நிலவேகம் 180 ஆகும். அப்போது வேண்டப்படுவது 1,200 அடி. விமானமும் அதே, மலையும் அதே, காற்று மாறியதால் விடை மாறிவிட்டது. வெப்பம் மிகுந்த நாளில், பாரம் மிகுந்த விமானம் அந்த 1,200 அடியை எட்டாது போகலாம். இதற்கும் மேலாக, இவ்வளவைகள் யாவும் எல்லா இயந்திரங்களும் செவ்வனே இயங்கும் என்னும் எடுகோளின்மீது அமைந்தவை. ஓர் இயந்திரம் பழுதுபட்டால் என்செய்வது என்பதை அத்தாள் கூறாது. அதனை விமானியும் அவர்தம் நிறுவனமும் முன்னரே சிந்தித்து வைத்திருத்தல் வேண்டும்.

புறப்படுமுன் கட்டுப்பாட்டாளர் வழங்கும் வழியனுமதியில் ஐந்து கூறுகள் உள: எவ்விடம்வரை அனுமதி, எவ்வழியாக, எவ்வுயரம்வரை, எந்த மீடிறனிற் பேசுதல் வேண்டும், றேடார்த் திரையில் அடையாளங் காட்டும் எண் யாது என்பன. விமானி இவற்றை எழுதிக்கொண்டு, பிழையின்றித் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். மாணாக்கன் பாடம் ஒப்புவித்தல் போன்ற இச்செயலில் உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சான்றாகும்.

முதலாவது, 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனெரீபில் நேர்ந்தது. அண்மைத் தீவின் விமான நிலையத்திற் குண்டு வெடித்தமையால், பல விமானங்கள் சிறியதாகிய லொஸ் ரோடியோஸ் தளத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. மூடுபனி ஓடுபாதையை மறைத்தது. ஓடுபாதையின் தலைப்பில் நின்ற நெதர்லாந்து விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் வழியனுமதி வழங்கினார்: எழுந்தபின் வலப்புறம் திரும்புதல், செல்லவேண்டிய திசை, ஏறவேண்டிய உயரம் என்பனவே அதிற் கூறப்பட்டன. அது எழுந்த பின்னர் செய்யவேண்டியதைக் கூறியதேயன்றி, எழும்புவதற்கு அனுமதியன்று. ஆயின் ‘மேலெழுதல்’ என்னும் சொல் அதனுள் இடம்பெற்றிருந்தது. தலைமை விமானி ஓடத் தொடங்கினார். அதே ஓடுபாதையில் அமெரிக்க விமானமொன்று எதிரே வந்துகொண்டிருந்தது. 583 பேர் மாண்டனர். விமானப் போக்குவரத்து விபத்துக்களுள் இன்றுவரை இதுவே மிகப் பெரிது. இதன்பின் சர்வதேச வழக்குத் திருத்தப்பட்டது. எழும்புவதற்கு உண்மையில் அனுமதி வழங்கும்போதும், வழங்கியதை மீட்கும்போதுமன்றி, ‘மேலெழுதல்’ என்னும் சொல்லைக் கூறலாகாது. ஏனைய இடங்களிற் ‘புறப்பாடு’ என்றே கூறல் வேண்டும். ஒரு சொல்லின் ஆட்சியை வரையறுத்தற்கு இத்துணை உயிர்கள் விலையாயின.

இரண்டாவது, 1978ஆம் ஆண்டின் முதல் நாளிரவு பம்பாயில் நேர்ந்தது. ‘அசோகச் சக்கரவர்த்தி’ எனப் பெயரிடப்பட்ட எயர் இந்தியா நிறுவனத்தின் பெரு விமானம் துபாயை நோக்கி எழுந்து, இருண்ட அரபிக் கடலின் மேலே வலப்புறம் திரும்பி, மீண்டும் நேராயிற்று. தலைமை விமானியின் அடிவானக் கருவியோ, விமானம் இன்னும் வலப்புறம் சாய்ந்தே இருப்பதாகக் காட்டி நின்றுவிட்டது என இந்திய விசாரணை முடிவு செய்தது. அவர் அதனை நம்பி இடப்புறம் சாய்க்க, விமானம் கடலில் வீழ்ந்து 213 பேரும் மாண்டனர். உடம்பை நம்பாது கருவியை நம்புக என ஒக்கர் கற்பித்த பாடத்துக்கு இந்நிகழ்ச்சி ஓர் உரை எழுதியது. ஒரு கருவியை மாத்திரம் நம்புதல் நம்பிக்கையன்று, குருட்டுத்தனமே. ஒன்றை மற்றொன்றுடன் ஒப்புநோக்கிய பின்னரே கருவியின் கூற்றைக் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சி ஒரே மலையில் இருமுறை நேர்ந்தமையாற் சிந்திக்கத்தக்கது. கலிபோர்ணியாவின் தென்கோடியில், மெக்சிக்கோ எல்லையருகே பிறவுன் தளம் உளது. அதன் கிழக்கே ஒற்றாய் என்னும் மலை 3,566 அடி உயர்ந்து நிற்கின்றது. 1991ஆம் ஆண்டு மார்ச் 16ஆந் திகதி நள்ளிரவுக்குப் பின், இசைக்குழுவினரை ஏற்றிய சிறு ஜெற் விமானம் அங்கிருந்து எழுந்தது. விமானி கருவிவழி அனுமதியைத் தரையிற் பெறாது, கண்வழிப் பறப்பாக எழுந்து, வானிற் பெற்றுக்கொள்ள எண்ணினார். அண்மையிலுள்ள பெருநகர வான்பரப்பினுட் புகாதிருத்தற்பொருட்டு 3,000 அடிக்கு மேற்படாது செல்ல நினைத்து, தொலைபேசியில் ஆலோசனை கேட்டார். விளக்கமளித்த அலுவலரும் மறுக்கவில்லை. நிலவுருவை அறியாத இரு விமானிகளும் இருளில் மலையை எதிர்கொண்டனர், பதின்மரும் மாண்டனர். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி இரவு, நோயாளர்க்கு உதவும் மருத்துவ விமானமொன்று அதே தளத்திலிருந்து அவ்வாறே அனுமதியைப் பின்னர்ப் பெறும் எண்ணத்துடன் எழுந்து, அதே மலையில் மோதியது, ஐவர் மாண்டனர். அவ்விமானம் றேடார்த் திரையிற் காணப்பட்டது. கட்டுப்பாட்டாளர் செல்லவேண்டிய திசையையும் கூறியிருந்தார். ஆயின் நிலத்தினின்று காக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் இரு தரப்பும் மயங்கின. திரையில் ஒருவர் காண்கின்றார் என்பதும், மலையை ஒருவர் விலக்குகின்றார் என்பதும் ஒன்றல்ல.

இம்மயக்கத்துக்கு இலங்கையும் புறம்பன்று. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி, இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிவந்த விமானம் மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள சப்தகன்னி மலையில் மோதி 191 பேர் மாண்டனர். அது புறப்படும் வேளையன்றி இறங்கும் வேளையில் நேர்ந்ததாயினும், தாம் எங்கே இருக்கின்றோம் என்பதைப் பிழையாகக் கொண்டமையே அங்கும் காரணமாயிற்று.

இன்று செய்மதிகள் விமானத்தின் இடத்தைச் சில மீற்றர் அளவில் அறிவிக்கின்றன. நிலவுருவம் முழுவதையும் நினைவிற் கொண்ட எச்சரிக்கைக் கருவி, மலை எதிர்ப்படுமுன்னரே குரல் கொடுக்கின்றது. கடதாசித் தாள்களின் இடத்தை ஒளிரும் திரைகள் பெற்றுவிட்டன. 1996ஆம் ஆண்டு அலாஸ்கா மாநிலத்து ஜூனோ நகரில், மலைகளுக்கிடையேயுள்ள ஒடுங்கிய நீர்வழியினூடாகச் செய்மதிகளின் துணைகொண்டு இறங்கும் நுட்பமான நெறி முதன்முதற் கையாளப்பட்டது. அத்தகைய துல்லியம் இன்று புறப்பாட்டு நெறிகளிலும் இடம்பெறுகின்றது. எனினும், எவ்வளவு ஏறல் வேண்டும், தம் விமானம் இன்றைய வெப்பத்தில் அவ்வளவு ஏறுமா, அனுமதி எதற்கு, பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களை எத்திரையும் விமானிக்காகக் கேட்டுவிடாது. அவற்றை ஓடுபாதையில் நிற்கும்போதே அவர் தம்மைத் தாமே கேட்டல் வேண்டும். எழுந்த பின்னர்க் கேட்பதற்கு நேரம் இல்லை.

1918ஆம் ஆண்டில் வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட விமானியிடம் நெறி இல்லை. அவர் வழி தவறியது வியப்பன்று. ஒற்றாய் மலையின் அடியிலிருந்து புறப்பட்டவர்க்கோ, மலையை விலக்கிச் செல்லும் நெறி எழுதப்பட்டே இருந்தது. நெறியின்மையால் நேர்ந்த கேட்டினும், நெறியிருந்தும் அதன் பயனைப் பெறாமையால் நேர்ந்த கேடு வருந்தத்தக்கது. நானூறு அடிவரை திரும்பற்க என்னும் ஒரு வரியை மனனஞ் செய்தல் எளிது. அவ்வரி எந்தத் தளத்தினின்று பிறந்தது, எவ்வெடுகோள்களைக் கொண்டது, எவ்விடத்திற் காக்கும், எவ்விடத்திற் காவாது என்பனவற்றை உணர்தலே கல்வி. வானத்துக்குப் புறப்படுவோர்க்கு மாத்திரமன்றி, நூல்களையும் விதிகளையும் கையிற்கொண்டு வாழ்க்கைக்குப் புறப்படும் மாணவர்க்கும் இஃது பொருந்தும்.